ஆண் ஹார்மோனை அளப்பது எப்படி?

1889-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள். பாரிஸ் நகரில் அறிவியலார் கூடியிருந்த அவையில் பிரௌன்-செக்கார் என்னும் புகழ்பெற்ற உடலியல் அறிஞர் எழுந்து ஒரு வியப்பான செய்தியைச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 72. நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்குத் தாமே ஊசி மூலம் செலுத்திக்கொண்டாராம். இழந்த வலிமை திரும்பிவிட்டதாம். மாடிப்படிகளில் ஏறக்குறைய ஓடியே ஏற முடிகிறதாம்!

அந்தச் சாற்றில் உண்மையில் என்ன இருந்தது? 2002-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே முறையில் சாறு எடுத்து அளந்து பார்த்தனர். பயன் தரும் அளவுக்கு ஹார்மோன் அதில் இல்லை. விரைகள் ஹார்மோனைச் சேமித்து வைப்பதில்லை. அது நீரில் எளிதில் கரைவதும் இல்லை. முதியவருக்கு வலிமை தந்தது அவருடைய நம்பிக்கைதான்.

அந்த ஹார்மோனின் பெயர் டெஸ்டோஸ்டிரோன். 1935-இல் இது காளையின் விரைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சிறுவர்களுக்குக் குரல் உடைவதும் மீசை அரும்புவதும் இதனால்தான். தசை, எலும்பு, இரத்தச் சிவப்பணு, இனப்பெருக்கம் எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. நடு வயதில் இது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் என மெல்லக் குறைகிறது. அது இயற்கை. சிலருக்கு மட்டும் மிகவும் குறைந்து, களைப்பும் பால் விழைவுக் குறைவும் தோன்றும். ஆனால் களைப்புக்கு நூறு காரணங்கள் உண்டே! தூக்கமின்மை, நீரிழிவு, மனச்சோர்வு எதுவானாலும் களைப்பு வரும். எனவே அளந்தே தீர வேண்டும்.

எவ்வளவு இருக்கும்? ஒரு கணக்குப் போடுவோம். இரத்தத்தின் நீர்ப்பகுதியில் 100 மில்லி லிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்பது அமெரிக்க மருத்துவர்கள் பலர் கொள்ளும் எல்லை. உடலில் அந்த நீர்ப்பகுதி சுமார் 3 லிட்டர். பெருக்கினால் 9 மைக்ரோகிராம். சாப்பாட்டு உப்பின் ஒரு சிறு பருக்கையே சுமார் 60 மைக்ரோகிராம் இருக்கும். அதில் ஏழில் ஒரு பங்கு, உடல் முழுவதிலும்! எந்தத் தராசு இதை நிறுக்கும்?

வழி கண்டவர் ஒரு இயற்பியலார். (இயற்பியல் ஆசிரியனான நான் மருத்துவத்தில் மூக்கை நுழைப்பதற்கு இதுவே சாக்கு.) ரோசலின் யாலோ அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற பெண்மணி. நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் பெர்சன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து 1950-களின் இறுதியில் கதிரியக்க முறையை உருவாக்கினார். 1977-இல் நோபல் பரிசு பெற்றார். பெர்சன் அதற்குள் மறைந்துவிட்டார்.

தத்துவம் எளிது. ஒரு பேருந்தில் 50 இருக்கைகள். வெளியே சிவப்புச் சட்டைக்காரர் 50 பேர். இவர்கள் மட்டும் என்றால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். வெள்ளைச் சட்டைக்காரர் 50 பேரும் முண்டியடித்து ஏறினால் சிவப்பில் சுமார் 25 பேருக்குத்தான் இடம். வெள்ளை 150 ஆனால், சிவப்பு 12 அல்லது 13. ஆகவே உட்கார்ந்திருக்கும் சிவப்பை எண்ணினால், வெளியிலிருந்து வந்த வெள்ளை எவ்வளவு என்று சொல்லிவிடலாம். இருக்கை என்பது ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்; சிவப்பு என்பது கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோன்; வெள்ளை என்பது நோயாளியின் ஹார்மோன். இன்று பல ஆய்வகங்களில் கதிரியக்கத்துக்குப் பதில் ஒளி உமிழும் பொருளைப் பயன்படுத்துகிறார்கள்.

எண் கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கும். சாப்பிட்டாலும் காய்ச்சல் வந்தாலும் குறையும். ஆகவே காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரு நாட்களில் அளக்க வேண்டும். மாலையில் ஒரு முறை அளந்துவிட்டு மருந்து எழுதுவது, வெயிலில் நின்ற கம்பியை அளந்து நீளம் சொல்வது போன்றது.

அடுத்து, பழுது எங்கே? தானியங்கி இஸ்திரிப் பெட்டி சூடு குறைந்தால் மின்சாரத்தை இணைக்கிறது அல்லவா? அதுபோல் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்னும் ஹார்மோனை அதிகம் அனுப்பி விரைகளை முடுக்கும். எல்.எச். ஏறியும் டெஸ்டோஸ்டிரோன் ஏறவில்லையா? பழுது விரைகளில். எல்.எச். ஏறவே இல்லையா? பிட்யூட்டரியை, சில வேளை அங்கே வளர்ந்த கட்டியை, ஆராய வேண்டும். உடல் பருமனும் காரணமாகலாம். எடை குறைந்தால் அளவு தானே உயரும்.

உண்மைக் குறைபாட்டுக்கு ஊசியோ தோலில் தடவும் களிம்போ தருகிறார்கள். ஆனால் வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி என்ன நினைக்கும்? ‘சூடு போதும்’ என்று இணைப்பைத் துண்டித்துவிடும்! விரைகள் ஓய்ந்து விந்தணு உற்பத்தி குறையும். பிள்ளைப்பேற்றை விரும்புவோருக்கு இது ஆகாது. உடற்பயிற்சிக் கூடங்களில் தசைக்காக இதனைப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் பலர் இதை அறிவதில்லை. இரத்தம் கெட்டியாவதும் உண்டு. ஆகவே சிவப்பணு அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். அறிகுறிகளும் இரத்த அளவும் சேர்ந்து பொருந்திய, வயது சார்ந்த குறைபாடு 2.1 சதவீதத்தினருக்கே இருந்தது. களைப்படைந்த எல்லோருக்கும் இது தேவை என்று கூறும் விளம்பரங்களை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

களிம்பு தடவுவோர் வீட்டில் சிறுவர்கள் இருந்தால் மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. தடவிய இடம் உலர்ந்து, சட்டையால் மூடிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். தோலோடு தோல் பட்டு மருந்து ஒட்டிக்கொண்டால், சின்னஞ்சிறு குழந்தைக்கும் பருவ மாற்றங்கள் தொடங்கிவிடும்.