மங்கல் வெளிச்சத்தின் சூடு

மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் ஊர்களில், மோட்டார் போடப் போகிறவருக்கு ஒரே டார்ச் லைட்டில் இரண்டு வெளிச்சம் வேண்டும். வரப்பில் காலடி பார்த்து நடக்க மங்கல் போதும். பளிச்சென்று அடித்தால் கண் கூசி, ஒளிவட்டத்துக்கு வெளியே கிடக்கும் பாம்பு தெரியாமல் போகும். தோப்பின் கோடியில் அசைவது என்ன என்று பார்க்கவோ முழு வெளிச்சம் வேண்டும். தேவை பழையது. ஆனால் கடையில் வாங்கிய சாதாரண டார்ச்சில் வெகுகாலம் ஒரே வெளிச்சம்தான் இருந்தது. அதனால் எலெக்ட்ரானிக்ஸ் பழகியவர்கள் சுவிட்சைப் பிரித்து, ஒரு ரெசிஸ்டரைக் கோத்து, இரண்டாம் நிலையைத் தாங்களே செய்துகொண்டார்கள். அந்த ரெசிஸ்டர் எவ்வளவு சுடும் என்பதுதான் அன்று முதல் இன்று வரை கேள்வி.

இரண்டு கட்டை டார்ச்சுக்கான பி.ஆர்.2 பல்பை எடுத்துக்கொள்வோம். 2.38 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் பல்பு அது. அதற்கு 1.6 வோல்ட் மட்டும் போகும்படி 2.2 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்தால் வெளிச்சம் ஏறக்குறைய கால்பங்காகக் குறையும். மின்னோட்டமோ சுமார் 0.4 ஆம்பியரில் நின்றுவிடும். இழை குளிர்ந்தால் அதன் மின்தடையும் இறங்கிவிடுவதே காரணம். முக்கால்பங்கு வெளிச்சத்தைத் துறந்தும் ஐந்தில் ஒரு பங்கு மின்னோட்டம்தான் மிச்சம். ரெசிஸ்டரில் வீணாவது 0.35 வாட். கால் வாட் ரெசிஸ்டர் அங்கே கருகும், அரை வாட் கையைச் சுடும். ஒன்று அல்லது இரண்டு வாட் ரெசிஸ்டர்தான் நிம்மதி தரும். பல்பின் ஆயுள் பல மடங்கு நீண்டது மட்டுமே அந்த ஏற்பாட்டின் உண்மையான லாபம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை இன்னும் உலவுகிறது: வாட் கூடிய ரெசிஸ்டர் போட்டால் சூடு குறையும் என்பது. குறையாது. ஓம் மதிப்பு ஒன்றாக இருந்தால் கால் வாட்டும் ஐந்து வாட்டும் உண்டாக்கும் வெப்பம் ஒன்றே. பெரியதற்குப் பரப்பு அதிகம். வெப்பம் பரவி வெளியேறுவதால் அதன் உடல் அவ்வளவு கொதிப்பதில்லை. வெப்பத்தையே குறைக்க வேண்டுமானால் ரெசிஸ்டரில் விழும் மிச்ச வோல்ட்டையோ மின்னோட்டத்தையோ குறைக்க வேண்டும். வேறு வழி இல்லை.

அந்த வழியைத் திறந்தது எல்.இ.டி. 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகாமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்க, 1996இல் அதே நிறுவனம் வெள்ளை எல்.இ.டி.யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இழையைப் போல் அல்லாமல், எல்.இ.டி.யில் மின்னோட்டத்தைக் குறைத்தால் வெளிச்சமும் கிட்டத்தட்ட அதே அளவில் குறையும். குறைந்த மின்னோட்டத்தில் அதன் திறன் கூடவும் செய்யும். மங்கல் நிலை உண்மையிலேயே பேட்டரியை மிச்சப்படுத்தத் தொடங்கியது அப்போதுதான்.

இன்று ஒரு லித்தியம் அயான் செல்லில் நேரடியாக எரியும் டார்ச்சுக்கு மங்கல் நிலை வேண்டுமென்றால் கணக்கு எளிது. முழுதாகச் சார்ஜ் ஏறிய செல் 4.2 வோல்ட், 350 மில்லி ஆம்பியர் அளவில் எல்.இ.டி. எடுத்துக்கொள்வது சுமார் 2.9. மிச்சம் 1.3 வோல்ட். அதை 0.35ஆல் வகுத்தால் 3.7 ஓம், வெப்பம் 0.45 வாட். இதை ஒரே ரெசிஸ்டரின் தலையில் கட்டுவதைவிட, 15 ஓம் ரெசிஸ்டர் நான்கை இணையாக வைப்பது நல்லது. மொத்தம் 3.75 ஓம் வரும், ஒவ்வொன்றுக்கும் 0.11 வாட்தான் விழும். பழுப்பு, பச்சை, கருப்பு வளையம் போட்ட கால் வாட் ரெசிஸ்டர் சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சாதாரண ஃபிலிம் ரெசிஸ்டர்களின் வாட் அளவு சுமார் 70 டிகிரி செல்சியஸ் சூழல் வரைக்கும்தான். அதற்கு மேல் தாங்கும் திறன் இறங்கும். ரப்பர் மூடி போட்ட வால்பகுதிக்குள் காற்றோட்டம் கிடையாது. அதனால் எழுதியிருக்கும் வாட்டில் பாதியை எல்லையாகக் கொண்டு, மின்கசிவு இல்லாதபடி உறையிட்டு, அலுமினிய உடலோடு ஒட்டி அமர்த்துவது அவசியம். 100 மில்லி ஆம்பியர் போதும் என்பவருக்கு ஒரே 15 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் போதும், வெப்பம் 0.15 வாட்டைத் தாண்டாது. வரப்பில் நடக்க அந்த வெளிச்சம் தாராளம்.

டார்ச்சுக்குள் வெளிச்சத்தை நிலையாக வைக்கும் டிரைவர் இருந்தால் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பல டிரைவர்கள் உள்ளே வரும் வோல்ட் குறைந்தால் கூடுதல் மின்னோட்டம் இழுத்து ஈடுகட்டும். ரெசிஸ்டர் மேலும் சுடும், வெளிச்சம் மங்காது.

இன்றைய நல்ல டிரைவர்கள் மிச்ச வோல்ட்டை எரிப்பதே இல்லை. நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்னும் மின்னணு சுவிட்சும் ஒரு காயிலும் சேர்ந்து தேவையானதை மட்டும் எடுத்துத் தருகின்றன. அங்கும் ரெசிஸ்டர் இருக்கிறது, 0.1 ஓம் போன்ற மிகச் சிறிய மதிப்பில். ஓடுகிற மின்னோட்டத்தை அளந்து சொல்வது அதன் வேலை. ஒரு ஆம்பியருக்கு அதில் 0.1 வாட்தான் போகும். இருந்தாலும், கையால் செய்யும் இரண்டு நிலை சுவிட்சுக்கு நான் இன்னும் பழைய முறையையே சொல்வேன். முழு சார்ஜில் 69 சதவீதம், செல் இறங்க இறங்க அதற்கும் மேல் மின்சாரம் எல்.இ.டி.க்குப் போகிறது. சிமிட்டல் இல்லை, வானொலியில் இரைச்சல் இல்லை, ஊரில் சால்டரிங் தெரிந்த எவரும் பழுது பார்த்துவிடலாம். செல் இறங்கும்போது வெளிச்சமும் இறங்கும் என்பது அதன் குறை; சார்ஜ் போட நினைவூட்டுவதால் அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

கவலைப்பட வேண்டிய சூடு இப்போது முழு வெளிச்ச நிலைக்கு இடம் மாறிவிட்டது. மூன்று ஆம்பியர் ஓடும்போது, தேய்ந்த சுவிட்சிலும் வால் ஸ்பிரிங்கிலும் சேர்ந்து 0.1 ஓம் இருந்தாலே 0.9 வாட் வெப்பம். மங்கல் நிலை ரெசிஸ்டர்கள் நான்கும் தருவதைப் போல் இரு மடங்கு. ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய செம்புப் பின்னல் கம்பியைச் சால்டர் செய்து, மரைகளைத் துடைத்துவிட்டு, முழு வெளிச்சத்தில் சுவிட்சுக்குக் குறுக்கே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுவிட்சை மாற்ற வேண்டும்.