கதிரியக்கத்தால் நலிந்த கல்லும் வெப்பமும்

இரத்தினபுரியில் ‘இல்லம்’ எனப்படும் பரற்படையிலிருந்து எடுக்கப்படும் கற்களுள் சிர்க்கனும் ஒன்று. நிறமற்ற சிர்க்கன் ‘மாத்தறை வைரம்’ என்னும் பெயரால் நெடுங்காலம் வழங்கிற்று. வைரத்தோடு அதற்கு எவ்வித உறவும் இல்லை என்பதைச் செட்டியார் தெருப் பொற்கொல்லர் நன்கறிவர்.

இக்கல்லில் ஒரு புதுமை உண்டு. ஒரே குழியில் அகப்பட்ட இரண்டனுள் ஒன்றின் ஒப்படர்த்தி 4.7 ஆகவும் மற்றையதன் ஒப்படர்த்தி 4.0 ஐ ஒட்டியும் இருத்தல் கூடும். முன்னையது ஒளிக்கதிரை இரண்டாகப் பிளக்கும். பின்னையதோ கண்ணாடிபோல் பிளவாது செலுத்தும். காரணம் யாது? சிர்க்கன் தோன்றும்போதே சிறிதளவு யுரேனியமும் தோரியமும் சிர்க்கோனிய அணுக்களின் இடத்திற் புகுந்துவிடுகின்றன. அவை சிதையுந்தோறும் அல்பாத் துணிக்கை ஒன்று வெளிப்படும். பெருங்கேடு விளைப்பது அத்துணிக்கையன்று. துப்பாக்கி வெடிக்குங்கால் சுடுவோன் தோளை உதைப்பதுபோல, சிதைந்த கரு பின்னோக்கி உதைக்கப்பட்டு, அயலிலுள்ள பலநூறு அணுக்களை நிலைபெயர்க்கிறது. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகள் இவ்வாறு நிகழுமாயின் பளிங்கின் ஒழுங்கு எஞ்சுமோ!

வெப்பம் இதற்கு மாற்று. சூடேற்றப்பட்ட அணுக்கள் அதிர்ந்து தம் பழைய இடங்களை நாடுகின்றன. 1955 இல் ஹாலந்து, கொட்பிறீட் என்னும் இருவர் இலங்கைக் கற்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து சிதைவின் படிகளை விளக்கினர். ஆயினும் நலிவு மிக்க கல் வந்த வழியே மீள்வதில்லை. அது முதலிற் சிர்க்கோனிய ஒட்சைட்டாகவும் சிலிக்காவாகவும் பிரிந்து, மேலும் சூடேறிய பின்னரே சிர்க்கனாகக் கூடும்.

உலையின்றியும் இக்குணப்பாடு நிகழ்கிறது. இலங்கைச் சிர்க்கன்களில் எஞ்சியுள்ள கேடு, கணக்கின்படி இருக்கவேண்டியதிற் பாதியைச் சற்றே விஞ்சும் என 2004 இல் நாஸ்டலா முதலியோர் காட்டினர். நிலத்தின் மெல்லிய வெப்பமே மீதியை ஆற்றிவிட்டது. இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. நலிந்த கல்லிலிருந்து ஈயம் கசியுமாதலின், யுரேனிய–ஈய முறையாற் கணிக்கும் பாறையின் அகவை பிழைபடும். புளூட்டோனியக் கழிவை இத்தகைய கனிமங்களில் அடைத்துப் புதைக்க எண்ணுவோரும், எவ்வெப்பநிலையில் எத்துணைக் காலம் அவை தாங்கும் என்று இக்கற்களையே வினவுகின்றனர்.

கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கலையாராய்ச்சியாற் புகழ் பெறுமுன் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் தலைவராயிருந்தார். 1904 இல் அவர் வழியாக அறியப்பட்ட தோரியனைட்டு, பெரும்பகுதி தோரியமேயாயினும் பளிங்காகவே நிற்கிறது. அதன் அமைப்பு மிக எளிது. பெயர்ந்த அணு இயல்பான வெப்பநிலையிலேயே தன் இடத்தைக் கண்டுகொள்கிறது.