சதாபிஷேக வீடியோவும் கூடத்து டிவிடி பிளேயரும்

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் பெரியவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகள் நிறைய. பிள்ளைகள் அமெரிக்காவில், சிங்கப்பூரில், அருகில் என்றால் பெங்களூரில். சதாபிஷேகமோ பேத்தி கல்யாணமோ முடிந்த சில வாரங்களில் வீடியோ வந்து சேர்கிறது, பென் டிரைவிலோ போனில் ஒரு லிங்க்காகவோ. எண்பது வயதுக் கண்ணுக்கு ஆறு அங்குலத் திரை போதாது. கூடத்தில் டிவி இருக்கிறது, அதன் கீழ்த்தட்டில் டிவிடி பிளேயரும் இருக்கிறது. தட்டைத் திறக்க ஒன்று, ஓட்ட ஒன்று, நிறுத்த ஒன்று என்று ரிமோட்டின் பித்தான்கள் பாட்டிக்கு அத்துப்படி. விடுமுறைக்கு வந்த பேரன் வீடியோவை ஒரு டிவிடியில் காப்பி செய்து கொடுத்துவிட்டு ரயிலேறிவிடுகிறான். அன்று சாயங்காலம் தட்டு உள்ளே போகிறது, சுற்றுகிறது, திரையில் 'டிஸ்க் இல்லை' என்று வருகிறது.

இந்த இடத்தில்தான் "ஸ்மார்ட் டிவி வாங்கிடலாமே" என்ற யோசனை எழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. புது டிவியில் பாஸ்வேர்டு உண்டு, அப்டேட் உண்டு, நடுவில் வந்து எதையோ கேட்கும் அறிவிப்புகள் உண்டு. பெரியவர்கள் தங்கள் கையாலேயே, யாரையும் கூப்பிடாமல் இயக்கத் தெரிந்த கருவி அந்த பிளேயர். அதைப் பிடுங்குவதைவிட, அதற்குப் புரியும்படி வீடியோவை மாற்றிக் கொடுப்பதே நியாயம். ஒரு மாலை நேர வேலைதான்.

பிளேயர் மேல் குற்றம் இல்லை. டிவிடிக்கான விதிமுறை 1990-களின் நடுவில் உருவானது. முதல் பிளேயர்கள் 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. அந்த விதிமுறை அறிந்த பட மொழிகள் எம்பெக்-2, பழைய எம்பெக்-1 ஆகிய இரண்டுதான். இன்று போனும் கேமராவும் பதிவு செய்வது 2003-ல் வந்த எச்.264 முறையில், இல்லையென்றால் 2013-ல் வந்த எச்.265 முறையில். பிளேயருக்குள் இருக்கும் சிப் தொழிற்சாலையிலிருந்து என்ன கற்று வந்ததோ அதோடு சரி. தன் விதிமுறைக்குப் பிறகு வந்த முறையை அது எப்படி அறியும்?

இன்னொரு குழப்பமும் உண்டு. ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எம்பி4, ஏவிஐ, எம்கேவி எல்லாம் டப்பாவின் பெயர்கள். ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாவில் காப்பிப் பொடியும் இருக்கலாம், கடலை மாவும் இருக்கலாம். பெயரின் வாலை மட்டும் மாற்றி எழுதிவிட்டு ஓடும் என்று காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. உள்ளிருக்கும் படமும் ஒலியும் முழுக்க அவிழ்ந்து, புதிதாக எம்பெக்-2 ஆகக் கட்டப்பட வேண்டும். அதனால்தான் மாற்றத்துக்கு நேரம் பிடிக்கிறது.

இத்தனை வீடுகளில் இந்தக் கருவி எப்படி வந்தது? திருச்சியின் கல்யாண வீடியோக்காரர்கள் வீடியோ கேசட்டில் கொடுத்தார்கள், பிறகு விசிடியில், அதன் பிறகு டிவிடியில், இப்போது பென் டிரைவில். 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல டிவி போய்ச் சேர்ந்தது. அதே காலத்தில் மோசர் பேர் நிறுவனம் படங்களை 28 ரூபாய்க்கு விசிடியாகவும் 34 ரூபாய்க்கு டிவிடியாகவும் கொண்டுவந்தது. டிவி வீட்டுக்கு வந்துவிட்டது, படம் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கிவிட்டது. இடையில் வேண்டியிருந்தது பிளேயர் ஒன்றுதான். மோசர் பேரைக் கலைக்க 2018 செப்டம்பரில் உத்தரவாகிவிட்டது. பிளேயர்கள் மட்டும் கூடத்திலேயே இருக்கின்றன.

இனி மாற்றும் வேலை. நம் ஊர் டிவிக்கான பிஏஎல் முறையில் டிவிடியின் ஒரு சட்டகம் 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகங்கள். இன்றைய ஃபுல் எச்டி படம் 1920-க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் டிவிடியில் நிற்பது சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே இந்த டிஸ்க் பார்ப்பதற்கு மட்டும், பாதுகாப்பதற்கு அல்ல. மாற்றி முடித்ததும் மூல ஃபைலை அழித்துவிடுகிறார்கள் சிலர். அதைப் போன்ற நஷ்டம் வேறில்லை. மூலம் ஒரு ஹார்டு டிஸ்கிலும் அதன் நகல் இன்னோர் ஊரில் இன்னொருவரிடமும் இருக்கட்டும். மூலம் என்று சொல்லும்போது ஒன்று: வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

4.7 ஜிபி என்று அட்டையில் போட்ட டிஸ்கைக் கணினி 4.38 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, இருவரும் எண்ணும் முறை வேறு, அவ்வளவுதான். நொடிக்கு 6 மெகாபிட் வீதம் படம் வைத்தால் ஒரு டிஸ்கில் ஒன்றரை மணி நேரம் கொள்ளும், பார்க்கவும் நன்றாயிருக்கும். இரண்டு மணி நேரம் என்றால் 5-க்குச் சற்றுக் கீழே இறக்கலாம். நான்கு மணி நேர முகூர்த்தத்தை ஒரே டிஸ்கில் அடைத்தால் பட்டுப்புடவையின் ஜரிகை கட்டம் கட்டமாக உடையும், ஹோமப் புகை சதுரங்களாக நகரும். இரண்டு டிஸ்க் போடுங்கள். ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகள் கொண்டதாக இருக்க வேண்டும். பாட்டு சிடியின் 44,100 கணக்கு இங்கே செல்லாது.

பலரும் சறுக்கும் இடம் வேகக் கணக்கு. கல்யாண வீடியோக்காரரின் கேமரா பெரும்பாலும் 25 சட்டகத்தில் எடுக்கும், அதில் தொல்லை இல்லை. போன் 30 சட்டகத்தில் எடுக்கிறது. அதை 25 ஆக்கும்போது மென்பொருள் ஆறில் ஒன்றைக் கழிக்கிறது. உட்கார்ந்து பேசும் காட்சியில் இது கண்ணுக்குத் தெரியாது. வடம் பிடித்துச் சித்திரைத் தேர் நகர்வதையோ, வீதி முழுவதையும் கேமரா சுற்றிக் காட்டுவதையோ பாருங்கள், படம் தடுக்கித் தடுக்கிப் போகும். அப்படிப்பட்ட வீடியோவுக்கு 29.97 சட்டகம் ஓடும் அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் டிஸ்க் போடுவது மேல். இங்கே விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் அதையும் ஓட்டும். டிவி மிகப் பழையதாக இருந்தால் மட்டும் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. போன் ஒரே சீராக 30 சட்டகம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் தானாகவே வேகத்தைக் குறைக்கும், பிறகு ஏற்றும். குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த ஊஞ்சல் காட்சியில் இது நிச்சயம் நடக்கும். கணினியில் ஓடும்போது தெரியாது. அப்படியே மாற்றினால் படமும் ஒலியும் மெல்ல மெல்ல விலகும். தவில்காரரின் கை இறங்கிய பிறகு அடி கேட்கும். கெட்டிமேளம் வருவதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும். லயம் தெரிந்த குடும்பங்கள் நிறைந்த ஊரில் இதை யார் பொறுப்பார்கள்? ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான சட்டக வேகம் என்ற தேர்வு இருக்கிறது. முதலில் அதில் ஒருமுறை ஓட்டிச் சீராக்கிவிட்டு, பிறகு டிவிடிக்கு மாற்றினால் தாளம் தப்பாது.

பிறகு வடிவம். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது இருபுறமும் கறுப்புப் பட்டையோடுதான் வரும். அதை இழுத்து நிரப்பாதீர்கள், முகங்கள் பூசணியாகிவிடும். பழைய குழல் டிவி படத்தின் ஓரங்களை விழுங்கும். தலைப்பில் தம்பதி பெயரைப் போடும்போது நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டுப் போட வேண்டும். அமெரிக்காவில் இருந்து எடிட் செய்து அனுப்புபவர்களுக்கு இது தெரிவதில்லை. இங்கே தாத்தா பெயரின் முதல் எழுத்து காணாமல் போகிறது.

இத்தனைக்கும் காசு செலவில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் 2000 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பிஏஎல் டிவிடி வேண்டும் என்று ஒரே ஒரு சொல்லில் கேட்டால், அளவு, வேகம், ஒலி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கட்டளை வரி பிடிக்காதவர்களுக்கு டிவிடிஸ்டைலர் இருக்கிறது; மாற்றுவது, அடுக்குவது, எழுதுவது மூன்றையும் அதிலேயே செய்யலாம். கணினி விஷயங்களைத் தமிழில் எளிதாகச் சொல்லிப் பழக்கிய எழுத்தாளர் சுஜாதா வளர்ந்த ஊர் ஸ்ரீரங்கம். இங்கே ஒரு கல்லூரி மாணவர் அரை நாளில் இதைக் கற்றுக்கொண்டு தெருவுக்கே செய்து தரலாம். செய்தால் நான் மனதாரப் பாராட்டுவேன்.

எழுதும்போது டேட்டா டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, டிவிடி வீடியோ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பிளேயருக்கு டிவிடி-ஆர் வகை நல்லது. அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகை ஒளியைக் குறைவாகவே பிரதிபலிப்பதால் லென்ஸ் திணறும். 16 மடங்கு வேகம் வேண்டாம், 4 அல்லது 8 போதும். கடைசியில் ஃபைனலைஸ் செய்ய மறந்தால் அத்தனையும் வீண். டிஸ்கின் மேல் காகித லேபிள் ஒட்டினால் சுழலும்போது ஆடும். மென்மையான மார்க்கரால் பெயர் எழுதுங்கள். எழுதும் டிவிடியில் படத்தைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலுக்கும் சூட்டுக்கும் அது மங்கும். திருச்சிக் கோடையில் ஜன்னலோரம் அதற்கு ஆகாது.

பிளேயரின் முகப்பில் யுஎஸ்பி துளை இருந்தால் டிஸ்கே இல்லாமலும் முடிக்கலாம். அந்த வகைப் பிளேயர்கள் பலவும் எக்ஸ்விட் முறையில் அமைந்த ஏவிஐ ஃபைலை ஓட்டும். பென் டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்து, ஒவ்வொரு ஃபைலும் 4 ஜிபிக்குள் இருக்கும்படி வெட்டிக்கொள்ள வேண்டும். பெயரைத் தமிழில் வைத்தால் திரையில் கட்டங்கள் தெரியும். 01, 02 என்று வையுங்கள். ஆனாலும் பெரியவர்களுக்கு டிஸ்க்தான் சுலபம் என்பது என் எண்ணம். பென் டிரைவைச் செருகியதும் வரும் ஃபைல் பட்டியலில் அம்புக்குறியால் தேடிப் போவது அவர்களுக்குப் பெரும் பாடு.

டிஸ்கிலும் அலங்கார மெனு வேண்டாம். தட்டு உள்ளே போனதும் படம் தானாக ஓடத் தொடங்கும்படி அமைக்க டிவிடிஸ்டைலரில் வழி இருக்கிறது. மெனுவுக்குப் பதில் அத்தியாயக் குறிகள் வையுங்கள். காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், மாங்கல்ய தாரணம், நலங்கு. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு குறி. சதாபிஷேகம் என்றால் கலச ஸ்நானத்துக்கு ஒன்று, பேரன் பேத்திகள் வரிசையாக வந்து நமஸ்காரம் பண்ணுவதற்கு ஒன்று. ரிமோட்டில் அடுத்தது என்ற பித்தானை அமுக்கினால் போதும், பாட்டி வேண்டிய இடத்துக்குப் போய்விடுவார். டிஸ்கைக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் முன், அவர் வீட்டு பிளேயரிலேயே, அவர் கையாலேயே ஒருமுறை கடைசிவரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.