தங்கப் பந்துக்கு யார் ஓட்டுப் போடுகிறார்கள்?

ஐரோப்பாவின் சிறந்த காற்பந்தாட்டக்காரர் யார் என்ற பேச்சு வந்தால், லெம்பா பெர்த்தாம் தேயிலைத் தோட்டத்து இளைஞர்களும் மெஸ்ஸி, ரொனால்டோ என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுவார்கள். ஆனால், அந்த விருதுக்கு ஓட்டுப் போடுவது யார் என்று கேட்பவர்கள் குறைவு.

இந்தத் தங்கப் பந்து விருதை 1956-இல் தொடங்கியது பிரான்ஸ் நாட்டின் 'ஃபிரான்ஸ் ஃபுட்பால்' இதழ். அவ்வாண்டு வாக்களித்தவர்கள் 16 பத்திரிகையாளர்கள் மட்டுமே. ஒவ்வொருவரும் ஐந்து பேரை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 5 புள்ளி, ஐந்தாம் இடத்துக்கு 1 புள்ளி. 41 வயதான இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ் 47 புள்ளிகள் பெற்றார். ரியால் மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோவுக்கு 44. மேத்யூசுக்கு முதலிடமும் டி ஸ்டெஃபானோவுக்கு மூன்றாமிடமும் தந்த ஒரே ஒருவர் அதை மாற்றி எழுதியிருந்தால் போதும், கணக்கு 45-46 என்று தலைகீழாகியிருக்கும்!

அந்நாளில் ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்களுக்கே விருது. மொசாம்பிக்கில் பிறந்த யூசேபியோ போர்ச்சுகல் குடிமகன் என்பதால் 1965-இல் வென்றார். பிரேசிலின் பெலேவுக்கோ போட்டியிடவே வழியில்லை. 1995-இல்தான் ஐரோப்பியக் குழுக்களில் ஆடும் பிற நாட்டவருக்கும் கதவு திறந்தது. அவ்வாண்டே லைபீரியாவின் ஜார்ஜ் வேயா வாகை சூடினார். 2007 முதல் உலகில் எங்கு ஆடுபவரும் பெறலாம் என்றானது.

மலேசியாவுக்கு இதில் வாய்ப்பு கிடைத்தது 2010 முதல் 2015 வரை. ஃபிஃபாவுடன் இணைந்து விருது வழங்கப்பட்ட அந்த ஆண்டுகளில், தேசியக் குழுக்களின் தலைவர்களும் பயிற்றுநர்களும் பத்திரிகையாளர்களும் வாக்களித்தனர். அதன் தொடக்க ஆண்டுகளில் ஹரிமாவ் மலாயாவின் பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால். உலகக் கிண்ணம் வென்ற ஸ்பெயின் பயிற்றுநரின் ஓட்டுக்கு என்ன மதிப்போ, அதே மதிப்புதான் மலேசியப் பயிற்றுநரின் ஓட்டுக்கும்.

ஓட்டுப் போடுபவர் மாறினால் முடிவும் மாறும் என்பதற்கு 2010-ஆம் ஆண்டே சாட்சி. பத்திரிகையாளர் வாக்கில் முந்தியவர் நெதர்லாந்தின் ஸ்னைடர். மூன்று தரப்பு வாக்குகளையும் கூட்டியபோது மெஸ்ஸி வென்றார். ஸ்னைடர் முதல் மூன்று இடத்திலேயே இல்லை.

2016-இல் இரு தரப்பும் பிரிந்தன. தங்கப் பந்து மீண்டும் பத்திரிகையாளர் கைக்கே போனது. 2022-இல் ஆண்கள் விருதுக்கு, ஃபிஃபா தரவரிசையில் முதல் 100 நாடுகளின் பத்திரிகையாளர்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்று விதி வந்தது. மலேசியா அந்த நூற்றுக்குள் இல்லை.

சாதாரண ரசிகனின் விரலுக்கு வலிமை இருந்தது வேறொரு விருதில். 2016-ஆம் ஆண்டின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருதை இணைய வாக்கெடுப்பில் 59.46 விழுக்காடு பெற்று வென்றவர் பினாங்கின் முகமட் ஃபாயிஸ் சுப்ரி. மெஸ்ஸி, நெய்மார் கோல்களும் இருந்த பட்டியல் அது. கேமரன் மலைவாசிகளுக்குச் சற்று சங்கடமான செய்தி, அந்தப் பந்து வளைந்து நெளிந்து புகுந்தது பகாங் குழுவின் கோல் வலைக்குள்! பின்னாளில் அந்த விருதிலும் முன்னாள் நட்சத்திரங்கள் அடங்கிய குழுவின் வாக்கு சேர்க்கப்பட்டது.