காலில் முளைத்த கண்

"உடம்பின் எல்லா செல்லிலும் ஒரே மரபணுக்கள்தானே? அப்புறம் கண் ஏன் முகத்தில் மட்டும் வருகிறது?" பிளஸ் டூ படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயைத்தான் கூப்பிட வேண்டும்.

என் அப்பா அச்சுக்கோப்பவர். கல்யாணப் பத்திரிகையானாலும் கருமாதிப் பத்திரிகையானாலும் எழுத்து எடுப்பது ஒரே பெட்டியிலிருந்துதான். எதைக் கோப்பது என்பதை மேசைக்கு வரும் துண்டுச்சீட்டு சொல்லும். செல்லுக்குள் அந்தச் சீட்டுதான் 'படியெடுப்புக் காரணி' என்னும் புரதம். டிஎன்ஏவில் தனக்குரிய இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, இன்ன மரபணுவைப் படியெடு, இன்னதை விடு என்று ஆணையிடும்.

இத்தகைய காரணிகளில் எனக்குப் பிடித்தது 'ஐலெஸ்' என்னும் மரபணு உண்டாக்குவது. இந்த மரபணு கெட்டால் ஈக்குக் கண் சிறுத்துவிடும், அல்லது வராமலே போகும். 1995இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கேரிங்கின் குழு, ஈயின் காலும் இறக்கையும் உருவாகும் இடங்களில் இதை வேலை செய்ய வைத்தது. காலில் கண் முளைத்தது! சிவப்பு நிறம், அடுக்கடுக்கான சின்னச் சின்னக் கண்ணறைகள், நடுநடுவே மயிர்கள் என்று முழுக் கண். ஆனால் நினைத்த இடத்திலெல்லாம் வரவில்லை. துணைக்கு வேறு சமிக்ஞைகளும் இருந்த இடத்தில்தான் வந்தது.

அடுத்து, சுண்டெலியின் அதே வகை மரபணுவான பாக்ஸ்6ஐ ஈக்குள் வைத்தார்கள். அப்போதும் முளைத்தது ஈயின் கண்தான், எலியின் கண் இல்லை. சீட்டில் 'கண்' என்று மட்டும்தான் இருக்கிறது. கோப்பது அந்தந்த அச்சகத்து எழுத்து. இந்த பாக்ஸ்6 நமக்கும் உண்டு. அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே கண்ணில் ஐரிஸ் சரியாக உருவாகாமல் குழந்தை பிறக்கலாம்.

இதை அறிந்தபின்னும் "ஈயை ஆராயவா இவ்வளவு பணம்?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. மரபியல் பாடத்தில் வரும் மார்கன் என்ற விஞ்ஞானியின் வெள்ளைக்கண் ஈயைக் கட்டம் போட்டு மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் பலர், பழ ஈயின் கண்ணை ஒருமுறைகூட உற்றுப் பார்த்ததில்லை. ஆசிரியர்களே, ஒரு கண்ணாடிப் பாட்டில், ஒரு துண்டு வாழைப்பழம், வாயை மூடப் பஞ்சு, ஒரு கைலென்ஸ் போதும். முட்டையிட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் புதிய ஈக்கள் வெளியே வந்துவிடும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.