உணரப்படாத ஓட்டம்

விடியுமுன் வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகளில் பலரும் உறங்கியபடியே பயணம் செய்கின்றனர். பேருந்து நேரான சாலையில் சீராக ஓடும்வரை அவர்களின் உறக்கம் கலைவதில்லை. ஓட்டுநர் திடீரென பிரேக்கை மிதித்தாலோ, வளைவில் வேகமாகத் திருப்பினாலோதான் உடல் குலுங்கி விழிப்பு வருகிறது. பூமி சுழல்வதை நாம் ஏன் உணர்வதில்லை என்கிற கேள்விக்கு அந்த உறக்கத்திலேயே விடை இருக்கிறது.

நிலநடுக்கோட்டில் பூமியின் மேற்பரப்பு மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கி நகர்கிறது. அதற்கு வடக்கே ஏறத்தாழ 13 டிகிரியில் அமைந்த வாலாஜாபாத்தில் இவ்வேகம் சுமார் 1,630 கி.மீ. பயணிகள் விமானத்தைவிட விரைவான ஓட்டம் இது. ஆயினும், பாலாற்றங்கரைப் பனைமரம் சாய்வதில்லை. குவளையில் உள்ள தேநீர் தளும்புவதில்லை.

காரணம், நம் உடல் வேகத்தை உணர்வதில்லை. வேகம் கூடுவதையும் குறைவதையும், திசை மாறுவதையுமே உணர்கிறது. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்புகளின் வேலை அதுதான். பூமியோ கூடாமல் குறையாமல் சுழல்கிறது. சுழல்வதால் திசை மாறுகிறதே எனலாம். அந்த மாற்றம் மணிக்கு 15 டிகிரி மட்டுமே. கடிகாரத்தின் மணிமுள் திரும்பும் வேகத்தில் பாதி. இச்சுழற்சியால் 60 கிலோ எடையுள்ளவர் இங்கே ஏறத்தாழ 200 கிராம் குறைவாக எடை காட்டுகிறார். பிறந்தது முதல் மாறாமல் இருப்பதால் அதுவும் புலப்படுவதில்லை.

இந்த ஐயம் புதியதன்று. ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரை பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவதுபோலவே விண்மீன்கள் மேற்கே நகர்வதாகத் தோன்றுகின்றன என்று கி.பி. 499-இல் ஆரியபட்டர் விளக்கினார். பூமி சுழன்றால் வானில் பறக்கும் பறவைகள் கூட்டுக்குத் திரும்புவது எப்படி என்று வராகமிகிரர் மறுத்தார். ஓடும் பேருந்துக்குள் சுண்டிய நாணயம் மீண்டும் கைக்கே வந்து சேர்வதுதான் அதற்கு விடை. பேருந்தின் வேகம் நாணயத்துக்கும் உண்டு. அதுபோலவே பறவையும் அதைத் தாங்கும் காற்றும் பூமியின் வேகத்தோடுதான் இருக்கின்றன.

உணர முடியாததை அறிய முடியும். 1851-இல் பாரீஸில் ஃபூக்கோ தொங்கவிட்ட ஊசலின் அலைவுத்தளம் மெல்லத் திரும்பி, பூமியின் சுழற்சியைக் கண்முன் காட்டியது. நமது புதிய நாடாளுமன்றக் கட்டடத்திலும் அத்தகைய ஊசல் உள்ளது. அங்கு ஒரு முழுச்சுற்றுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம். வாலாஜாபாத்தில் தொங்கவிட்டால் நான்கரை நாள் ஆகும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட்டுகளுக்கு விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தை பூமியே தருகிறது.

'பூமி சுழல்கிறது' என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் அளிக்கிறோம். 'பிறகு ஏன் நமக்குத் தெரியவில்லை?' என்று கேட்பவரை உட்காரச் சொல்லிவிடுகிறோம். வராகமிகிரருக்கே எழுந்த ஐயம் ஒரு சிறுவனுக்கு எழுவது பிழையாகாது. விடை கிடைக்காத அந்த ஐயம்தான் பின்னாளில், பூமி தட்டை என்று கூறும் காணொலிகளை நம்பவைக்கிறது. அதைத் தடுக்க விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. ஓடும் பேருந்தும் ஒரு நாணயமும் போதும்.