பாலர் பள்ளியிலும் செயற்கை நுண்ணறிவு! ஆசிரியை வேலை என்ன ஆகும்?

பெங்களூர், மும்பை போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், படிப்பு முடித்த பெண்ணுக்கு முதலில் தேடப்படும் வேலைகளில் ஒன்று நர்சரி பள்ளி ஆசிரியை வேலை. வீட்டுக்கு அருகிலேயே கிடைக்கும். பிற்பகலுக்குள் வீடு திரும்பலாம். சம்பளம் குறைவு என்றாலும், மரியாதை உள்ள உத்தியோகம்.

இப்போது அந்த வீடுகளில் ஒரு புதுக் கவலை எழுந்திருக்கிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும், கதை சொல்லும், படம் வரையும் செயற்கை நுண்ணறிவு கைபேசிக்குள் வந்துவிட்டது. பணம் கட்டி ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பினால், நாளை அந்த வேலை இருக்குமா?

முதலில் போனது பதிவேடு

இந்தியாவில் மழலையர் கல்வியின் பெரும் பாரத்தைச் சுமப்பவை அங்கன்வாடிகள். நம் ஊரில் பால்வாடி என்றால்தான் பலருக்குப் புரியும். 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ், இன்று நாடெங்கும் ஏறக்குறைய 14 லட்சம் மையங்கள் இயங்குகின்றன.

இந்த மையங்களின் ஊழியர் பாட்டும் கதையும் மட்டும் சொல்லித் தருபவர் அல்ல. எடை பார்ப்பது, சத்துணவு கொடுப்பது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, வீடு வீடாகக் கணக்கெடுப்பது எல்லாம் அவர் தலையில்தான். இவற்றுக்கென்று பதினோரு பதிவேடுகள் இருந்தன.

2021-ம் ஆண்டு மார்ச்சில் 'போஷண் டிராக்கர்' என்ற கைபேசிச் செயலியை மத்திய அரசு கொண்டுவந்தது. குழந்தையின் உயரத்தையும் எடையையும் பதிந்தால், வயதுக்கேற்ற வளர்ச்சி இருக்கிறதா என்பதை அதுவே கணக்கிட்டுச் சொல்லிவிடும்.

அதற்கு அடுத்தது முகத்தை அடையாளம் காணும் முறை. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவுப் பொட்டலத்தை வாங்க வருபவரின் முகத்தைக் கைபேசியில் படம் பிடிக்க வேண்டும். ஆதாரோடு சரிபார்த்துப் பதிந்த முகத்துடன் அது பொருந்த வேண்டும். 2025-ம் ஆண்டு ஜூலை முதல் இது கட்டாயமாக்கப்பட்டது.

உணவு வேறு கைக்குப் போகாமல் தடுப்பதே நோக்கம் என்கிறது அரசு. சிக்னல் கிடைப்பதில்லை, கைபேசி பழையது, ஆதாரில் உள்ள தொலைபேசி எண் மாறிவிட்டது, படம் எடுப்பதிலேயே காலைப் பொழுது போய்விடுகிறது என்கிறார்கள் ஊழியர்கள். கைபேசிக்குள் முகத்தைத் தேடும் அந்த நேரத்தில், பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பது யார்?

கதை சொல்லும் தோழி

பாடம் நடத்தும் பக்கத்திலும் இயந்திரம் நுழைந்துவிட்டது. 3 முதல் 8 வயது வரையிலான பிள்ளைகளுக்காக 'ஜாதுயி பிடாரா' (மாயப் பெட்டி) என்ற பெயரில் பொம்மைகள், விளையாட்டுச் சாமான்கள், படக்கதைகள் அடங்கிய தொகுப்பை 2023-ம் ஆண்டு மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அதன் மின்வடிவம் வந்தது. அதில் செயற்கை நுண்ணறிவால் பேசும் துணைகள் மூன்று. 'கதா சகி' கதை சொல்லும். 'பேரண்ட் தாரா' பெற்றோருக்கும், 'டீச்சர் தாரா' ஆசிரியைக்கும் யோசனை சொல்லும்.

தனியார் நர்சரிகளிலும் இதே கதைதான். வாரப் பாடத்திட்டம், வண்ணம் தீட்டும் தாள், ஆண்டு விழா நாடகம், பெற்றோருக்கு அனுப்பும் முன்னேற்ற அறிக்கை ஆகியவற்றை ஆசிரியைகள் இரவு விழித்துத் தயாரிப்பார்கள். அவற்றை இயந்திரம் சில நிமிடங்களில் எழுதித் தருகிறது.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. தாய்மொழி தமிழாக இருக்க, வகுப்பில் கன்னடமோ மராத்தியோ பேச வேண்டிய ஆசிரியைக்கு, ஒரு கதையை இரு மொழியிலும் தயாரித்துக்கொள்வது எளிதாகிவிட்டது. ஆனால் இயந்திரம் தவறையும் தயங்காமல் சொல்லும். இல்லாததை இருப்பதாக எழுதும். ஆசிரியை வாசித்துப் பார்க்காமல் அதை வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது.

குமாஸ்தாவுக்கு வந்த சோதனை

இந்தக் கவலை நமக்குப் புதிதல்ல. வங்கிகளில் கம்ப்யூட்டரை அனுமதிக்க 1983-ல் ஒப்பந்தம் ஏற்பட்டபோது, எத்தனையோ குமாஸ்தாக்கள் தூக்கம் இழந்தார்கள். லெட்ஜர் எழுதும் வேலை காலப்போக்கில் போகவும் செய்தது.

அப்படியானால் பாலர் பள்ளி ஆசிரியை? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் 2013-ல், 702 தொழில்களை ஆராய்ந்து எவை கம்ப்யூட்டரால் அழியக்கூடும் என்று கணித்தார்கள். கணக்கு எழுதும் குமாஸ்தா வேலை ஆபத்து மிகுந்த பட்டியலில் இருந்தது. மழலையர் ஆசிரியை வேலையோ ஆபத்து மிகக் குறைந்த வேலைகளில் ஒன்றாக இருந்தது. பேசும் இயந்திரங்கள் வருவதற்கு முந்தைய கணிப்பு அது. ஆனாலும் அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கி, இன்னொன்றின் மூக்கைத் துடைத்து, மூன்றாவதைச் சாப்பிட வைக்கும் இயந்திரம் இன்னும் வரவில்லை.

பிள்ளை யாரிடம் கற்கிறது?

2003-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரீசியா குல் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சி இதை நன்கு விளக்குகிறது. ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் நேரில் விளையாடியபோது, அம்மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையில் காட்டியபோதும், ஒலியாக மட்டும் கேட்கச் செய்தபோதும் அவை கற்கவில்லை.

2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் திரை முன் உட்காரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, அதற்கும் குறைவே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியைகளைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், பிள்ளையைக் கூர்ந்து கவனிப்பதையே ஆசிரியையின் தலையாய வேலையாகக் கருதினார்.

மிச்சமாகும் நேரம் யாருக்கு?

எனவே வேலை போகுமா என்பதை விட, வேலை எப்படி மாறும் என்பதே முக்கியமான கேள்வி. எழுத்து வேலையில் மிச்சமாகும் நேரம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லதுதான். அதைக் காரணம் காட்டி, இரண்டு ஆசிரியைகள் இருந்த இடத்தில் ஒருவரை நிறுத்தி, வகுப்பில் பிள்ளைகளைக் கூட்டினால் இயந்திரத்தால் கிடைத்த லாபம் நிர்வாகத்துக்கு, நஷ்டம் பிள்ளைக்கு.

சம்பளமும் யோசிக்க வேண்டிய விஷயம். அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபரில் மாதம் 4,500 ரூபாய் ஆயிற்று. மாநில அரசுகள் அதற்கு மேல் ஒரு தொகை சேர்க்கின்றன. அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. கைபேசியும் செயலியும் வந்த வேகத்தில் ஊதியம் உயரவில்லை என்பதே அவர்களுடைய மனக்குறை.

பெற்றோர் செய்ய வேண்டியது

பிழைப்புக்காக ஊர் மாறும் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. பழைய ஊர் அங்கன்வாடியில் உள்ள பெயரை, போஷண் டிராக்கர் வழியாகவே புதிய ஊர் மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அருகிலுள்ள மையத்தை அணுகிக் கேட்பது நல்லது.

பிள்ளையின் படத்தையும் விவரத்தையும் நர்சரி கேட்டால், எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவரின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ல் இயற்றப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம்.

மகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் தைரியமாக அனுப்பலாம். ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது. அந்த மாநில மொழி சரளமாக வர வேண்டும். புதிய கருவியைக் கையாளவும், அது சொல்வதைத் திருத்தவும் தெரிய வேண்டும். பாட்டு, கதை, பொறுமை இவை முன்னைவிட அதிகமாகத் தேவைப்படும்.

பேரப்பிள்ளையை நர்சரியில் சேர்க்கப் போகிறவர்கள், "அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர்? அவர் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்?" என்று கேட்பது நல்லது. வருகிற பதிலைக் கொண்டே அந்தப் பள்ளியின் தரத்தை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.